வலப்பக்கம் கடல், இடப்பக்கம் வீடு

உங்க பெட்டியும் இன்னும் வரலியா அண்ணாச்சி? வரும், வரும். பிளேன்ல வந்த நேரத்துல பாதிய இங்கன நின்னு கழிக்கணும், அதான் மெட்ராஸ். நீங்களும் தூத்துக்குடி பிளேன்லதானே வந்திய? பின்வரிசையில உங்களப் பாத்த மாரி இருந்துச்சு. எந்தப் பக்கம் உக்காந்திருந்திய?

கவனிக்கலியா! போன்ல படம் பாத்துட்டு வந்தியளா! நல்லா இருக்கு போங்க. கீழ கடலு, உப்பளம், பாம்பன்னு எல்லாம் ஓடுது, நீங்க உள்ளங்கையில என்னத்தயோ பாத்துட்டு வந்திருக்கிய. கோவிச்சுக்கிடாதிய. எனக்கு இந்த ஒரு விஷயத்துல மட்டும் மனசு பொறுக்காது.

எம் பேரு ஆறுமுகநயினார். சர்வேயர் நயினார்னு கேட்டாத்தான் எங்க பக்கம் தெரியும். முப்பத்திரண்டு வருஷம் சங்கிலி இழுத்து நெலம் அளந்தவன். கண்ணக் கட்டி விட்டாலும் வடக்கு எதுன்னு சொல்லிருவேன். சத்தியமா. இந்தா, இப்பச் சொல்லுதேன், இந்தப் பெட்டி வாற பட்டை இருக்குல்லா, இது தெக்க இருந்து வடக்க ஓடுது. வேணும்னா உங்க போன்ல பாத்துக்கிடுங்க. என்னது, கெழக்கு மேற்குன்னு காட்டுதா? இந்தக் கட்டடத்துல இரும்பு ஜாஸ்தி அண்ணாச்சி, ஊசி தடுமாறும்.

அந்தா, தூண் பக்கத்துல பச்சச் சேல கட்டிக்கிட்டு போன் பேசிட்டு நிக்கால்லா, அதான் எங்க வீட்டுக்காரி. சொர்ணவடிவு. பேசுறது எங்க மக கோமுகிட்ட. மக இங்கதான் மடிப்பாக்கத்துல இருக்கா. நாளன்னைக்குப் பேத்திக்குக் காதுகுத்து. அதுக்குத்தான் வந்திருக்கோம். சிரிக்கா பாத்தியளா? ஏழு மாசம் கழிச்சு இன்னைக்குத்தான் இப்பிடிச் சிரிக்கா. அது ஒரு பெரிய கதை. பெட்டி வாற வரைக்கும் சொல்லுதேன், கேளுங்க.

மொதல்ல உங்களுக்கு அடிப்படை தெரியணும். தூத்துக்குடியில இருந்து மெட்ராஸுக்குப் பிளேன் வடக்க பாத்து வருது. அப்ப வலப்பக்கம் கெழக்கு. கெழக்க என்ன இருக்கு? கடல். அதனால வரும்போது வலப்பக்கம், திரும்பிப் போகும்போது இடப்பக்கம். இது பச்சப்பிள்ளைக்குக் கூடத் தெரியும்பிய. ஆனா காலை வண்டியில கெழக்க வெயில் கண்ணுல குத்தும், ஒண்ணும் தெரியாது. மத்தியான வண்டிதான் போடணும். அப்புறம் வரிசை. விசிறி வச்ச சின்ன பிளேன்ல இறக்கை தலைக்கு மேல இருக்கு, கீழ மறைக்காது. ஆனா நடுவுல உக்காந்தா விசிறியும் சத்தமுந்தான். அதனால பன்னெண்டாம் வரிசைக்குப் பின்னால. இதெல்லாம் ஒருத்தனும் சொல்லித் தர மாட்டான். நானா ஒவ்வொண்ணா கண்டுபிடிச்சது.

ஜன்னல்ல எப்பவும் நான்தான் உக்காருவேன். அது ஏன்னு கேளுங்க. பொண்டாட்டி புருசனுக்கு இடப்பக்கம் இருக்கணும். நான் சொல்லல, அது சம்பிரதாயம். வலப்பக்க ஜன்னல்ல நான் உக்காந்தா அவ எனக்கு இடப்பக்கம் வந்துருவா. பொருத்தமா அமைஞ்சு போச்சு. திரும்பிப் போகும்போதா? நல்லாக் கேட்டிய. அவளும் இதையேதான் கேட்டா. இடப்பக்க ஜன்னல்ல நான் உக்காந்தா அவ எனக்கு வலப்பக்கம்லா வாரா, அது சரியா வருமான்னு. நான் சொன்னேன், "ஏளா, மணவறையில தாலி கட்டுறதுக்கு முன்னால நீ எனக்கு எந்தப் பக்கம் உக்காந்திருந்த? வலப்பக்கம்லா? அதுவும் சம்பிரதாயந்தான்." அவ பைக்குள்ள இருந்து முறுக்க எடுத்துக் குடுத்தா. ஒத்துக்கிட்டான்னு அர்த்தம்.

எனக்கு ஜன்னல் மேல ஆசைன்னு நினைச்சிராதிய. அதெல்லாம் கிடையாது. அது ஒரு பொறுப்பு. கீழ தெரியுறது என்னன்னு சொல்ல ஒரு ஆள் வேணும்லா? வெவரம் தெரியாதவங்கள ஜன்னல்ல உக்கார வச்சா அவங்களுக்கும் பிரயோஜனம் இல்ல, பக்கத்துல இருக்கவனுக்கும் பிரயோஜனம் இல்ல. ஏழு தடவ மெட்ராஸ் போய்ட்டு வந்திருக்கோம், பதினாலு பிளேன். பதினாலுலயும் ஒண்ணு விடாம எடுத்துச் சொல்லிருக்கேன். இந்தா வைப்பாறு, இந்தா வேம்பாறு, இந்தா பாம்பன் பாலம். அவ கழுத்தக் கூட நீட்ட வேண்டியதில்ல.

இப்ப எங்க வீட்டச் சொல்லணும். ஏர்போர்ட்டுக்கு வடக்க ரெண்டு கிலோமீட்டர் வரும். வடிவு மொட்டமாடியில கூழ்வத்தல் காயப்போடும்போது பிளேன் எழும்பிப் போகும். நெத்தியில கைய வச்சு வெயில மறைச்சுக்கிட்டு, அது புள்ளியா மறையுற வரைக்கும் பாப்பா. அந்த நேரத்துல காக்கா வத்தலத் தூக்கிட்டுப் போறது கூடத் தெரியாது. எத்தன தடவ நான் கீழ இருந்து சத்தம் போட்டிருக்கேன்!

மொத தடவ பிளேன் ஏறும்போதே கேட்டா. "ஏங்க, மேல இருந்து பாத்தா நம்ம மொட்டமாடி தெரியுமா?"

நான் அப்பவே கணக்குப் போட்டுச் சொன்னேன். ஓடுபாதை கெழக்கு மேற்கா கெடக்கு. வீடு அதுக்கு வடக்க. பிளேன் கெழக்க பாத்து ஓடி எழும்பும். அப்ப வடக்கு இடப்பக்கம். "வீடு இடப்பக்கம் வரும்ளா. நாம உக்காந்திருக்கது வலப்பக்கம், கடல் பக்கம். நம்ம வீட்டத்தான் தெனமும் பாக்கோமே, அத மேல வேற ஏறி நின்னு பாக்கணுமா?"ன்னேன். சிரிச்சேன். அவளும் சிரிச்சா. சிரிச்சாளா, இல்ல சிரிச்ச மாரி இருந்துச்சா, இப்ப சரியா ஞாபகம் இல்ல.

போன ஆனி மாசம் வரைக்கும் எல்லாம் நல்லாத்தான் போச்சு. ஆனியில டிக்கெட் போடும்போது ஒரு வார்த்த கேட்டா. "இந்த ஒரு தடவ இடப்பக்கம் போடுங்களேன்." ஏன்னு கேட்டேன். "சும்மாதான்"ன்னா. சும்மாவுக்கு யாராவது கடல விடுவாங்களா அண்ணாச்சி? வலப்பக்கமே போட்டேன். கெளம்புற அன்னைக்குக் காலைல அவ நாலு செங்கலத் தூக்கிட்டு மாடிக்குப் போனா. வத்தல் துணி பறக்காம இருக்க வைக்கான்னு நினைச்சேன். ஊருக்குக் கெளம்புற அன்னைக்கு எவளாவது வத்தல் போடுவாளான்னு எனக்குத் தோணல. ஆம்பளைக்கு அந்த யோசனையெல்லாம் வருமா?

பிளேன் ஓட ஆரம்பிச்சுது. ஏர்ஹோஸ்டஸ் பிள்ளை முன்னால நின்னு வாசல் இங்க, வாசல் அங்கன்னு கை காட்டும்லா, அது காட்டுற திசையில அரையடி பிசகு இருக்குன்னு நான் வடிவுக்கு விளக்கிட்டிருந்தேன். அந்தப் பேச்சுல ஒண்ண கவனிக்காம விட்டுட்டேன். ஆனியில மேல்காத்துல்லா! பிளேன் காத்துக்கு எதுத்தாப்புல ஓடித்தான் எழும்பும். அன்னைக்கு அது மேற்க பாத்து ஓடியிருக்கு. அப்ப வடக்கு வலப்பக்கம்.

எழும்பி ஒரு நிமிசங்கூட ஆகல. கீழ ஒரு மொட்டமாடி. அதுல செக்கச்செவேர்னு ஒரு பட்டுச் சேல, முழு நீளத்துக்கு விரிச்சுக் கெடக்கு. நாலு மூலையிலயும் செங்கல். நான் சொன்னேன், "ஏளா, இங்க பாரு, யாரோ ஒரு கூறுகெட்டவ நல்ல பட்டப் போயி உச்சி வெயில்ல விரிச்சுட்டுப் போயிருக்கா. சாயம் போயிரும்லா!"

அவ சடார்னு எந்திரிக்கப் பாத்தா. பெல்ட் இழுத்துருச்சு. "எங்க? எங்க? கரை என்ன கலருங்க?"ன்னா. நான் அதுக்குள்ள கடல் வருதான்னு பாக்கத் திரும்பிட்டேன். "போச்சு, போச்சு, தாண்டியாச்சு"ன்னேன். அவ அப்பிடியே சாஞ்சுக்கிட்டா. கொஞ்ச நேரம் கழிச்சு, "ஆமா, கூறுகெட்டவதான்"ன்னா. மெட்ராஸ் வாற வரைக்கும் வேற பேச்சு இல்ல. காது அடைச்சுருக்கும்னு நினைச்சுக்கிட்டேன்.

ராத்திரி சாப்பிடும்போது மருமகன்கிட்ட இத ஒரு வேடிக்கையாச் சொன்னேன். கூறுகெட்டவ, பட்டுச் சேல, செங்கல்னு நடிச்சே காட்டினேன். மருமகன் விழுந்து விழுந்து சிரிச்சாவ. கோமு சிரிக்கல. வடிவு ரசத்த எடுக்க அடுப்படிக்குப் போனவ திரும்பி வரவே இல்ல. கோமு என்னைய பால்கனிக்குக் கூட்டிட்டுப் போனா.

"அப்பா, அது அம்மாவோட முகூர்த்தச் சேல. நம்ம வீட்டு மாடி. மேல இருந்து பாத்தா அடையாளம் தெரியணும்னு விரிச்சுட்டு வந்திருக்கா. சாயங்காலம் மடிச்சு வைக்கச் சொல்லி பக்கத்து வீட்டு ரோஸ்மேரி டீச்சர்கிட்ட சாவி குடுத்திருக்கா. ஒரு மாசமா என்கிட்ட இதத்தான் பேசிட்டிருந்தா."

ஒளிக்காமச் சொல்லுதேன், வெக்கமாப் போச்சு. அந்தச் சேலய நான்தான் அவ கையில குடுத்தேன், அவங்க வீட்டு வாசல்ல, தாம்பாளத்துல வச்சு. ஆனா நீங்களே நியாயத்தச் சொல்லுங்க, எம்மேல என்ன தப்பு? வீடு இடப்பக்கம்னு கணக்கு. வலப்பக்கம் தெரிஞ்ச வீடு எப்படி என் வீடா இருக்க முடியும்? மேல இருந்து பாத்தா எல்லா மாடியும் ஒண்ணுதான். ஒரு கருப்புத் தண்ணித்தொட்டி, ஒரு கொடிக் கம்பி. அவ முன்கூட்டியே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா? இடப்பக்கம் போடுங்கன்னு சொன்னாளே தவிர, காரணத்தச் சொன்னாளா?

சண்ட போட்டிருந்தான்னா எனக்குச் சமாளிக்கத் தெரியும். அவ போடல. சோறு வச்சா, காப்பி குடுத்தா, மாத்திரைய எடுத்து வச்சா. எல்லாம் ஒழுங்கா நடந்துச்சு. ஆனா பிளேன் சத்தம் கேட்டா மாடிக்குப் போறத நிப்பாட்டிட்டா. அதுதான் எனக்குத் தாங்கல. வத்தல் போடும்போது தலைக்கு மேல பிளேன் போனாலும் நிமுந்து பாக்க மாட்டா. காக்கா ஒண்ணு கிட்ட வர முடியாது.

மன்னிப்பா? கேக்காம என்ன, மேல்காத்தப் பத்தி வெவரமாச் சொன்னேன். ஆனியில இருந்து ஆவணி வரைக்கும் மேற்க பாத்து எழும்பும், ஐப்பசிக்கு மேல வாடைக்காத்து, கெழக்க பாத்து எழும்பும்னு தாள்ல படமே போட்டேன். "எனக்குக் காத்தெல்லாம் வேண்டாம். நீங்க சேலயப் பாத்தது வலப்பக்கத்துலதானே? அது போதும்"னுட்டு எந்திரிச்சுப் போய்ட்டா.

இந்தத் தடவ டிக்கெட் போடுற பொறுப்ப கோமு எடுத்துக்கிட்டா. அம்மாவுக்கு வலப்பக்க ஜன்னல். எனக்கு இடப்பக்கம், நடைவழிய ஒட்டின சீட். "அப்பா பதினாலு தடவ பாத்தாச்சுல்லா"ன்னா. இன்னைக்குக் காலைல வடிவு செங்கலத் தூக்கிட்டு மாடிக்குப் போனா. கூட ஒரு மஞ்சப்பை. நான் பேப்பர் படிக்கிற மாரி உக்காந்திருந்தேன். என்ன பேப்பர்னு கேட்டா சொல்லத் தெரியாது.

பிளேன் கெளம்பி ஓடுபாதைக்கு ஊந்து போகுது. அப்பத்தான் எனக்குச் சுரீர்னுச்சு. இது தை மாசம்! வாடைக்காத்து! அந்தா, கம்பத்துல காத்துத் திசை காட்டுற பை ஆடுது, நல்லா தென்மேற்க பாத்து ஊதிக் கெடக்கு. பிளேன் கெழக்க பாத்துத்தான் எழும்பப் போகுது. அப்ப வீடு இடப்பக்கம். என் பக்கம். அவ உக்காந்திருக்கது வலப்பக்கம். இந்தத் தடவயும் அவளுக்குத் தெரியாது.

என் பக்கத்துல ஜன்னல்ல ஒரு மருந்துக் கம்பெனிக்காரர், கண்ண மூடிட்டு இருந்தாரு. அவர எழுப்பி, "ஐயா, ஒரு ஒத்தாச, எங்க வீட்டுக்காரி இங்க வரட்டும், நீங்க அந்த ஜன்னலுக்குப் போங்க, அங்கதான் கடல், நல்ல பக்கம்"னேன். மனுசன் தங்கம். சரின்னுட்டாரு. நான் பெல்ட்டக் கழத்திட்டு எட்டி வடிவு தோளத் தொட்டேன்.

"வடிவு, சீக்கிரம் இங்க வா. இந்தப் பக்கம் வா."

அவ திரும்பி என்னையப் பாத்தா. அந்த ஜன்னலப் பாத்தா. பிறகு திரும்பவும் என்னையப் பாத்தா.

"ஏன், இன்னைக்குக் கடல் நல்லாருக்கோ?"ன்னா.

"அதுக்கில்லளா, காத்து..."

"இந்த ஜன்னல மட்டும் கேக்காதிய. வேற என்ன வேணும்னாலும் கேளுங்க, தாரேன்."

நான் அந்த ஜன்னலுக்கு ஆசப்பட்டுக் கேக்கேனாம்! நானு! அதுக்குள்ள ஏர்ஹோஸ்டஸ் பிள்ளை ஓடி வந்து, சார் உக்காருங்க, சார் பெல்ட் போடுங்கன்னு அதட்டுது. நான் காத்துன்னு சொல்லுதேன், வாடைன்னு சொல்லுதேன், சுத்தியிருக்கவங்க எல்லாம் ஒரு கெழவன் ஜன்னலுக்கு அடம்பிடிக்கான்னு பாக்காங்க. உக்காந்துட்டேன். வேற என்ன செய்ய?

எழும்புச்சு. நான் மருந்துக் கம்பெனிக்காரர் மடியில பாதி சாஞ்சு கீழ பாத்தேன். வந்துச்சு அண்ணாச்சி. எங்க மாடி. என் கணக்கு ஒரு நூல் பிசகல, இடப்பக்கம், அதே இடத்துல. செக்கச்செவேர்னு விரிஞ்சு கெடக்கு. ஒரு மூலையில செங்கல் நழுவி, அந்த முந்தி மட்டும் காத்துல படபடன்னு அடிக்குது. யாரோ கைய ஆட்டிக் கூப்பிடுற மாரி. மஞ்சக் கரை தெரிஞ்சுது. இந்தத் தடவ நல்லாப் பாத்தேன். கண்ணு கலங்கிருச்சு, பொய் சொல்லல. திரும்பி வடிவைக் கூப்பிட வாயத் தொறந்தேன்.

அதுக்கு முன்னால அவ என்னையக் கூப்பிட்டா. "ஏங்க! ஏங்க!"

மொகத்த நீங்க பாக்கணும். அவ ஜன்னல் கண்ணாடியில மூக்கு பட்ட தடம் கூட இருந்துச்சு. "பாத்துட்டேங்க! நம்ம மாடி! செவப்பா, எவ்வளவு பளிச்சுன்னு இருந்துச்சு தெரியுமா!"

அவ பக்கம் தெக்கு. அந்தப் பக்கம் எங்க வீடு கிடையாது. எங்க வீடு மட்டுமில்ல, எங்க தெரு, எங்க ரேஷன் கடை, எதுவுமே கிடையாது. உப்பு மேல மூடுற தார்ப்பாயப் பாத்தாளோ, எவன் வீட்டுக் கல்யாணப் பந்தலப் பாத்தாளோ, யாருக்குத் தெரியும்? முப்பத்திரண்டு வருஷத்துல, ஒருத்தன் வயல அடுத்தவன் வயலுன்னு சொன்னா நான் விட்டதே கிடையாது. ஒரு முழத்துக்கு தாசில்தாரையே எதுத்து நின்னிருக்கேன்.

"நீங்க பாத்தியளா?"ன்னு கேட்டா.

"நான் எங்களா பாக்க, நடைவழியில உக்காந்துட்டு"ன்னேன்.

அய்யோ பாவம்னு உச்சுக்கொட்டினா. அப்புறம் வழி நெடுக அவதான் எனக்குச் சொல்லிட்டு வந்தா. "படகு தெரியுதுங்க, எறும்பு மாரி. தண்ணி ஒரு எடத்துல பச்ச, ஒரு எடத்துல நீலம், நீங்க இதச் சொன்னதே இல்லியே?" நான் சொன்னதில்லதான் அண்ணாச்சி. பேரத்தான் சொல்லிருக்கேன், கலரச் சொல்லல. ஒரு தீவப் பாத்து அதான் ராமேஸ்வரம்னா. அது ராமேஸ்வரம் இல்ல. எதுன்னு எனக்குத் தெரியும். பல்லக் கடிச்சுக்கிட்டு இருந்தேன்.

கொஞ்சம் காதக் குடுங்க. போன்ல கோமுகிட்ட என்ன சொல்லுதா, கேக்குதா? "அதே பக்கந்தான்ட்டி. உங்கப்பா போன தடவ பாத்த அதே வலப்பக்கம். ஆனா பாரு, கடைசி நிமிசத்துல இடப்பக்கம் வா, இடப்பக்கம் வான்னாவ. பாவம், ஜன்னல் இல்லாம இருக்க முடியல அவியளுக்கு. திரும்பிப் போகும்போது அப்பாவுக்கு ஜன்னல் போட்டுக் குடுத்துரு. நான் பாத்தாச்சு, எனக்குப் போதும்."

கேட்டியளா? பாவமாம்! ஜன்னல் போட்டுக் குடுக்கணுமாம்!

இந்தா, அந்த நீலப் பெட்டி எங்களதுதான். ஒரு கை பிடிங்க. ஆங், போதும். அவ போன வச்சுட்டா, வாரா. அண்ணாச்சி, இன்னைக்கு என் கணக்கு சுத்தமாச் சரி. வீடு இடப்பக்கம், இந்தக் கண்ணால பாத்தேன். அவகிட்டச் சொல்ல முடியாது, மககிட்டச் சொல்ல முடியாது, சாகிற வரைக்கும் யார்கிட்டயும் சொல்ல முடியாது. ஒரு மனுசன் காதுலயாவது போட்டுரணும்னுதான் உங்களப் பிடிச்சேன். நீங்க நல்லவரு, போனக் கீழ வச்சுட்டுக் கேட்டிய.

வா வடிவு. ஒண்ணுமில்ல, அண்ணாச்சி நம்ம ஊருதான். நம்ம பிளேன்லதான் வந்தாவளாம், ஆனா ஒண்ணும் பாக்கலியாம். நீ என்னென்ன பாத்தன்னு அவங்களுக்குச் சொல்லு.